கண்ணாடிக் கடையில் ஒரு கிரேக்க ஞானி

அன்பும் மரியாதையும் மிக்க அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதுவது. நான் நலம். நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றாலும் கலங்கமாட்டேன், ஏனென்றால் நான் இப்போது எதற்கும் கலங்காத கிரேக்க ஞானிகளின் கட்சி, ஸ்டோயிக்!

போன தடவை மகள் வேலைக்குக் கப்பலேறியபோது துறைமுகத்தில் நான் குமுறி அழுததும், காவலர் ஓடிவந்து "யாருங்க தவறிட்டாங்க?" என்று விசாரித்ததும், "இனிமே இப்படி மானத்தை வாங்கினா வீட்டுக்கே வரமாட்டேன்பா" என்று அவள் சொல்லிவிட்டுப் போனதும் உங்களுக்குத் தெரியும். இரண்டு வருஷம் கழித்து நாளை வருகிறாள். அதற்காகத்தானே கல்லூரியில் நீங்கள் நடத்தும் அந்தத் தத்துவப் புத்தகத்தை அனுப்பினீர்கள்! அடேயப்பா, என்ன மூளை அந்தக் கிரேக்கர்களுக்கு! துக்கம் தானாக வருவதில்லையாம், ஒன்றைப் பெரிய இழப்பு என்று நாமே தவறாகத் தீர்ப்புச் சொல்வதால்தான் வருகிறதாம். மண்பாண்டத்தை எடுக்கும்போதே இது உடையக்கூடியது என்று நினைத்துக்கொள்ள வேண்டுமாம். நான் வேலை பார்ப்பதோ கண்ணாடிக் கடை, பயிற்சிக்குப் பஞ்சமா? ஆளுயரக் கண்ணாடி வாங்க வந்த புதுமணத் தம்பதியிடம், "இது ஒருநாள் உடையும், இப்பவே மனசைத் தேத்திக்கோங்க" என்றேன். அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள், கணவன் வாசலைப் பார்த்தான், இருவரும் போய்விட்டார்கள். முதலாளி போட்ட கத்தலில் என் கையிலிருந்த ஜன்னல் கண்ணாடி நழுவி நொறுங்கியது. நான் அசையவே இல்லை! "போறது போகும் முதலாளி, நம்ம தீர்ப்புதான் முக்கியம்" என்றேன். "அப்ப என் தீர்ப்பையும் கேட்டுக்கோ, ஒரு வாரம் கடைப் பக்கம் வராதே" என்றார்.

வீட்டுக்காரியோ, "கொஞ்சம் சிரிங்க, கொஞ்சம் அழுங்க, எல்லாம் அளவோட இருந்தா போதாதா?" என்கிறாள். புத்தகத்தைப் புரட்டினால், ஏறக்குறைய இதையேதான் இன்னொரு கிரேக்கக் கூட்டமும் சொல்லியிருக்கிறது, நம் ஸ்டோயிக் ஆட்கள் அவர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம்கூடப் படிக்காமல் என் வீட்டிலேயே எதிர்க்கட்சி! நான் விடுவேனா? மூன்று வாரமாகக் கண்ணாடி முன் நின்று, "வாம்மா, பயணம் சௌகரியமா?" என்று முகம் மாறாமல் சொல்லிப் பழகி, நேற்றோடு தேறிவிட்டேன். உணர்ச்சியை வென்றுவிட்டேன் அத்தான்! அந்தச் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் நேற்று முழுக்கக் கூடத்தில் துள்ளிக்கொண்டே இருந்தேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எதற்கும் கலங்காமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மகள் ஒரு நாள் முன்னதாகவே வந்து நின்றுவிட்டாள். "வாம்மா, பயணம் சௌகரியமா?" என்றேன். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். "என்னப்பா, அழலையா? என் மேல அவ்வளவு கோபமா?" என்று கேட்டுவிட்டு அவளே விம்ம ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் நடந்ததைக் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து யார் தவறிவிட்டார்கள் என்று விசாரித்தார். புத்தகத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், வெயிலில் நன்றாகக் காயவைத்துவிட்டுப் படியுங்கள்.