தொட்டுப் பார்த்து வாங்கவும்

இனி எவன் முன்னாலும் கைகட்டி நிற்பதில்லை என்று ஒருநாள் காலையில் முடிவு செய்தேன். நோட்டுப் புத்தகக் கடையில் விற்பனையாளனாக நின்று நின்று என் கால் இரண்டும் கடையின் தூண்களாகவே ஆகிவிட்டிருந்தன. போதும். சொந்த வியாபாரம். பள்ளிக்கூடங்களுக்குக் கற்றல் பொருள்கள் சப்ளை செய்வது. பிள்ளைகள் காதால் கேட்டுப் படித்தது போதும், கையால் தொட்டுப் படிக்கட்டும் என்று படித்தவர்கள் எல்லோரும் பேச ஆரம்பித்திருந்த நேரம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டாமா?

இதை மனைவியிடம் சொன்னபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. வெங்காயத்துக்காகவா, எனக்காகவா என்று நான் விசாரிக்கவில்லை.

சரக்கு செய்பவர்கள் சில்லறையாகத் தரமாட்டார்களாம். மொத்தமாக வாங்கினேன். மணிச்சட்டங்கள், கூம்பும் கனசதுரமுமாக மரக்கட்டைகள், துண்டு துண்டாகப் பிரியும் பின்ன வட்டங்கள், தராசுகள், காந்தங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, குடலையும் ஈரலையும் கழற்றி மாட்டக்கூடிய ஆளுயர மனித உடல் பொம்மை ஒன்று. கடைசியில் வீட்டில் சரக்குக்கு இடம் இருந்தது, எங்களுக்குத்தான் இல்லை. நாங்கள் கூம்புகளின் மேல் உட்காரப் பழகினோம். கட்டிலுக்கடியில் வைத்த காந்தப் பெட்டியோடு சாவிக்கொத்தும் கரண்டியும் அவளுடைய ஹேர்பின்களும் தனிக்குடித்தனம் நடத்தின.

பொம்மையை ஹாலில் ஜன்னலோரம் நிறுத்தினேன். குடல் தெரிகிறதே என்று அவள் என் சட்டை ஒன்றை அதற்கு மாட்டிவிட்டாள். தெருவில் போகிறவர்கள் அதற்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு யாரும் சொன்னதில்லை.

“அவரைப் பார்த்துக் கத்துக்கோங்க” என்றாள் மனைவி. “உள்ள இருக்கிறதை ஒளிவுமறைவில்லாம திறந்து காட்டுறார்.”

வாங்கியது சுலபம். விற்கப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. முதல் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் எங்களிடம் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது என்று பெருமையாக அழைத்துப் போய்க் காட்டினார். கண்ணாடி அலமாரி. பெரிய பூட்டு. உள்ளே தொட்டுப் படிக்கும் பொருள்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. மேலே ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டியிருந்தது. இரண்டாவது பள்ளிக்கூடத்தில், இதையெல்லாம் கையில் கொடுத்தால் பிள்ளைகள் சந்தோஷமாகிவிடுவார்களே, அப்புறம் யார் அடக்குவது என்று கவலைப்பட்டார்கள். மூன்றாவது ஆள் மாதிரிக்கு ஒன்று வேண்டும் என்று ஈரலை மட்டும் வாங்கி மேஜை மேல் காகிதம் பறக்காமல் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஜன்னல்காரர் ஈரலற்றவரானார்.

மனைவி கூம்பிலிருந்து எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னாள். இந்த வாரத்துக்குள் வீடு காலியாக வேண்டும். முடியாவிட்டால் அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். சமையலை நானும் ஜன்னல்காரரும் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த நெருக்கடியில்தான் நாலாவது பள்ளியின் தலைமையாசிரியை வீட்டுக்கே வந்து சரக்கைப் பார்க்கச் சம்மதித்தார். கறாரான அம்மாள். படம் காட்டினால் நம்பமாட்டாராம். பின்னம் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவருக்கு என் வட்டங்களை வைத்துப் புரியவைத்துக் காட்ட வேண்டும். புரிந்தால் மொத்தச் சரக்கையும் அவரே எடுத்துக்கொள்வார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கோ பின்னம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. ஆகவே ஒரு திட்டம் போட்டேன். மனைவியே மாணவி. ஒன்றும் தெரியாதவளாக அவள் விழிக்க வேண்டும். நான் விளக்க வேண்டும். அவள் முகம் மலர வேண்டும்.

“ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கணும், நீங்க சொல்றதுதான் சரின்னு தலையாட்டணும். அவ்வளவுதானே?” என்றாள்.

“அவ்வளவுதான். கஷ்டமா இருக்குமா?”

“கல்யாணத்துலேருந்து அதானே வேலை.”

தலைமையாசிரியை வந்தார். ஜன்னலோரம் நின்றவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஒரு கனசதுரத்தின் மேல் உட்கார்ந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மர வட்டத்தை எடுத்து, இது ஒரு முழுமை என்று ஆரம்பித்தேன். மனைவி அழகாக விழித்தாள். திட்டம் தேர் மாதிரி நகர்ந்தது.

“எனக்கு வட்டம்னா புரியலைங்க. வீட்டு வேலைன்னு வெச்சுக்கலாமா?” என்றாள்.

தலைமையாசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்ல கேள்வி என்றார். நானும் தலையாட்டினேன்.

“அப்போ இதுல உங்க பங்கை எடுத்துக் காட்டுங்க.”

வெளியார் முன்னால் கௌரவம் இருக்கிறதல்லவா? பாதியை எடுத்தேன். எந்தெந்த வேலை என்று கேட்டாள். யோசித்துப் பார்த்துப் பாதியை வைத்துவிட்டுக் கால் வட்டத்தை எடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். காலை வைத்துவிட்டு அரைக்காலை எடுத்தேன். கை தானாகவே நகர்ந்து, பெட்டியில் இருந்ததிலேயே மெலிந்த துண்டை எடுத்தது.

“குப்பைக் கூடையை வெளியே வைக்கிறது” என்றேன்.

“அதையும் விட்டு மழைக்காலமே வந்துடுச்சு.”

அந்தத் துண்டையும் வைத்துவிட்டேன். கை காலியாக இருந்தது. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“பின்னம் மட்டுமில்லை, பூஜ்யமும் புரிஞ்சுடுச்சு” என்றார்.

நான் அவசரமாக அளவுநாடாவை எடுத்து வட்டத்தின் சுற்றளவுக்குத் தாவினேன். மனைவி நாடாவை வாங்கினாள். மர வட்டத்தைச் சுற்றவில்லை. என் வயிற்றைச் சுற்றினாள். சுற்றும்முன், எவ்வளவு இருக்கும் என்று தலைமையாசிரியையை ஊகிக்கச் சொன்னாள். அவர் ஊகித்தார். அளந்தார்கள். சாப்பாட்டுக்குப் பின் எவ்வளவு மாறும் என்று அடுத்த கணக்குப் போட்டார்கள். என்னை ஜன்னலருகே நிறுத்தி நிழலை அளந்தார்கள். மூச்சை இழுக்கச் சொன்னார்கள், விடச் சொன்னார்கள். தராசுத் தட்டு போதவில்லை. கதவில் கயிற்றையும் கப்பியையும் மாட்டி என்னைத் தூக்க முடியுமா என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், என் வியாபாரம் கைமாறிவிட்டது எனக்கு உறைத்தது.

மரம் உடைகிறது, பிளாஸ்டிக் தொலைகிறது, இது உடையவும் உடையாது, தொலையவும் தொலையாது போலிருக்கிறதே என்று என்னைக் காட்டிச் சொன்னார் தலைமையாசிரியை. அலமாரி வேண்டாம், பூட்டு வேண்டாம், காலையில் தானே நடந்து வந்து சாயங்காலம் தானே திரும்பிவிடும் என்றாள் மனைவி. எந்த வகுப்புக்குப் பொருந்தும் என்று அவர் கேட்டார். எல்லா வகுப்புக்கும் என்றாள். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

“நடுவுல கொஞ்சம் சத்தம் வரும் டீச்சர்” என்றாள் அவள். “கண்டுக்காம விட்டா அதுவே அடங்கிடும்.”

வீடு அந்த வாரமே காலியானது. என்னைத்தான் முக்கியச் சரக்காக எடுத்துக்கொண்டார்கள். மரக்கட்டைகளும் தராசுகளும் துணைப் பொருள்களாக என்னோடு போயின. ஜன்னல்காரரும் வந்தார். உயிரியல் வகுப்பில் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, வித்தியாசம் கண்டுபிடி என்றார்கள். அவருக்கு ஈரல் இல்லை, இவருக்கு முடி இல்லை என்று பிள்ளைகள் எழுதினார்கள். சின்ன வகுப்புகள் என் வயிற்றில் காதை வைத்து ரயில் வருகிறது என்று சொல்லிக் கொண்டாடின. பெரிய வகுப்புகள் கப்பியில் என்னைத் தூக்கின. நெம்புகோல் பாடத்தன்று பள்ளியே வந்து பார்த்தது. உண்மையைச் சொன்னால், பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். அதுதான் ஆபத்து. மற்றப் பள்ளிகளிலிருந்தும் மனைவியைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அவள் வரவேற்பறையில் புது நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினாள். நான் கைகட்டி நின்றேன், மாதிரி காட்டுவதற்கு.

தோள்பட்டை ஒருநாள் பிசகிக்கொண்டது. தலைமையாசிரியையிடம் போய், நான் வீட்டுக்கே திரும்பிவிடுகிறேன் என்று முறையிட்டேன். பொருளோடு பேசிப் பயனில்லை, சப்ளை செய்தவரை வரச் சொல்லுங்கள் என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து, என்னைத் திரும்ப எடுத்துக்கொள் என்று மனைவியிடம் கெஞ்சினேன். பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“கல்யாணமான புதுசுல இதையேதான் நானும் உங்க அம்மாகிட்ட கேட்டேன். ஒரு தடவை கொடுத்த பொருளைத் திரும்ப எடுக்கிறதில்லைன்னுட்டாங்க.”