நான் கட்டிப்பிடித்த தூண்

எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று இப்போதெல்லாம் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஆசிரியர்களைப் பாருங்கள், நூலகத்தைப் பாருங்கள் என்று பெரிய மனுஷியாகச் சொல்லி அனுப்புகிறேன். நான் என் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தது ஒரு தூணைப் பார்த்து. அதுவும் போட்டோவில்.

கட்டடக்கலை வரலாறு படிக்கப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். (அம்மா அதை ‘வீடு கட்டுத படிப்பு’ என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இரண்டு பேர் பிளான் போட்டுத் தரச் சொல்லி வந்தார்கள்.) சென்னையில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகிற சாலையில் உள்ள இன்னொரு கல்லூரியின் கையேட்டுப் படத்தில், கட்டட முகப்பு முழுக்கக் கல்தூண்கள்! யாரையும் கேட்காமல் சென்னைக்கு ‘வரவில்லை’ என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, அப்பாவோடு நேர்காணலுக்குக் கிளம்பினேன்.

அப்பாவுக்கு ஸ்ரீவைகுண்டத்தில் சிமெண்ட், பெயிண்ட் கடை. அதிகம் பேசமாட்டார். அன்று கல்லூரி வாசலில் இறங்கியதிலிருந்து பேசியதெல்லாம் நான்தான்.

“பாத்தீங்களாப்பா, ஒரே கல்லு. முந்நூறு வருசமாவது இருக்கும். உளித்தடம்கூட அப்படியே இருக்கு.”

“அப்படியாட்டி?” என்றார் அப்பா.

அவரைப் போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டு, முகப்பிலிருந்த முதல் தூணைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தை வைத்து அழுத்தினேன். குளுகுளுவென்று இருந்தது. (கல்லின் குளிர்ச்சி என்று சிலிர்த்துப்போனேன்.)

“ஏ பாப்பா! இப்பதாம்மா அடிச்சேன், ஈரம்!” என்று ஏணி மேலிருந்து பெயிண்டர் கத்தினார்.

வலது கன்னம், கை, புதுச் சுடிதார் எல்லாம் கருங்கல் நிறம். பெயிண்டர் பதறி இறங்கி வந்து, “மன்னிச்சிருங்க அண்ணாச்சி” என்று மண்ணெண்ணெய்த் துணியை நீட்டினார்.

“மூஞ்சிக்கு அது வேண்டாம். தேங்கா எண்ண கிடைக்குமா?” என்றார் அப்பா.

கேன்டீனிலிருந்து எண்ணெய் வந்தது. கைக்குட்டையில் தொட்டுப் பைய துடைத்துவிட்டார். எனக்கு அழுகை முட்டியது.

“கல்லுக்கு எதுக்குப்பா பெயிண்ட்?”

அப்பா விரலை மடக்கித் தூணில் இரண்டு தட்டுத் தட்டினார். டொக், டொக். உள்ளே ஒன்றுமே இல்லை.

“பைபர்,” என்றார், ஏதோ அவர் செய்த குற்றம் போல.

“உங்களுக்கு முதல்லயே தெரியுமா?”

“கேட்டுக்குள்ள நுழையும்போதே தெரியும். நீ அவ்வளவு சந்தோசமா சொல்லிக்கிட்டு வாரே, எனக்குக் கெடுக்க மனசு வரல.”

பாதி முகம் எண்ணெயும் பாதி கருங்கல்லுமாக நேர்காணலில் போய் உட்கார்ந்தேன். துறைத்தலைவர் ஓர் அம்மா. என்ன ஆயிற்று என்று அவர் கேட்டதுதான் தாமதம், சென்னைக்கு அனுப்பிய மின்னஞ்சல் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். (அந்த மின்னஞ்சல் பற்றி அப்பாவுக்கும் அப்போதுதான் தெரியும்.) அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அந்தத் தூண்களை வைக்கவேண்டாம்னு நிர்வாகத்துக்கு மூணு தடவை எழுதினேன். வாங்க, நிஜமானதைக் காட்டுறேன்.”

பின்பக்கம் ஒரு பழைய செங்கல் கட்டடம். சுண்ணாம்புச் சுவர் கண்ணாடியாய் வழுவழுத்தது. அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு முதன்முதலாகத் தானாகப் பேசினார். “இந்தப் பூச்சுல என்னம்மா சேத்திருக்காங்க?”

“எனக்கும் தெரியலைங்க. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த மாதிரிப் பிள்ளைங்க வேணும்,” என்றார் அவர். பிறகு இருவரும் அரை மணி நேரம் சுவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எண்ணெய் வழிய நின்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா, “சென்னைக்கு வேணும்னா திரும்ப எழுதிக் கேப்பமா?” என்றார்.

“வேண்டாம்ப்பா. அந்தச் சுவத்துல என்ன சேத்திருக்குன்னு எனக்குத் தெரியணும்,” என்றேன். அங்கேதான் சேர்ந்தேன்.

பல வருடம் கழித்து, நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் முதல்முறை வீட்டுக்கு வந்தார். அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்து, விரலை மடக்கித் தோளில் இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அம்மா சிரிப்பை அடக்கமாட்டாமல் அடுப்படிக்கு ஓடினாள்.

மதுரைக்காரரான என் கணவருக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. திருநெல்வேலிப் பக்கம் மாப்பிள்ளையை வரவேற்கிற முறையே அதுதான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். போன மாதம் என் தங்கையைப் பெண் பார்க்க வந்த பையனை, வாசலிலேயே நிறுத்தி இவர்தான் தட்டினார்.