கிழங்கு மூட்டைக்குள் ஒரு படைவீரன்

இந்த மலையில் நான் சந்தேகப்படாத ஆட்கள் மூன்றே பேர்: என் மனைவி சரசு, என் மகள் மலர், அப்புறம் நான். மலருக்குப் படைவீரன் வேடம் செய்த வருடத்திலிருந்து அந்த மூன்றாவது ஆள்மேலும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

இரண்டாயிரமாம் ஆண்டு வாக்கில் நடந்தது. தேவனூர் நாட்டில் (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) எங்களுக்குக் கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி. மலர் கீழே காளப்பநாயக்கன்பட்டியில் என் தங்கை வீட்டில் தங்கி மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தவள், பள்ளியில் மாறுவேடப் போட்டி என்றாள். அந்தக் காலத்தில் இந்த மலையை ஆண்ட மன்னனின் வில்வீரனாக அவள் மேடையேற வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். (அவள் கிளி வேடம்தான் கேட்டாள். யார் காதில் விழுந்தது?)

முடிவு செய்த கையோடு பயமும் பிடித்துக்கொண்டது. இந்த யோசனையை யாராவது திருடிவிட்டால்? யாராவது என்ன, ஜமால் பாய்தான். காளப்பநாயக்கன்பட்டி மிளகு வியாபாரி. அவர் மகளும் மலரின் வகுப்பு. அந்த வாரம் மிளகு வாங்க வந்தவர், ஒரு கை அள்ளி முகர்ந்தபடியே கேட்டார்.

"ஏனுங்க, பாப்பாவுக்கு என்ன வேசம் போடறீங்க?"

"இன்னும் ஒண்ணும் யோசிக்கலீங்க பாய்."

மிளகு வாங்க வந்தவருக்கு இந்தக் கேள்வி எதற்கு? நீங்களே சொல்லுங்கள்.

அன்றிலிருந்து எல்லாம் ரகசியம். மூங்கிலை ஓர் ஊரில் வெட்டினேன், கயிற்றை வேறோர் ஊரில் வாங்கினேன். கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெய் டின்னை நறுக்கித் தட்டி மார்புக் கவசம் செய்தேன். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர்களிடம், கூரை ஒழுகுகிறது, அதை அடைக்கிறார் என்று சொல்லிச் சமாளித்தாள் சரசு. மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது.

வீரனுக்கு இடுப்பில் மான்தோல் வேண்டுமே. கறிக்கடையில் செவலை ஆட்டின் தோல் ஒன்று வாங்கி, உப்பும் சாம்பலும் தேய்த்துக் காயப்போட்டு, சுண்ணாம்பைக் குழைத்துப் புள்ளி வைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, ஒரு புள்ளிமான் வந்து பார்த்திருந்தால் அண்ணா என்று கூப்பிட்டிருக்கும்.

"ஏனுங்க, தோல் இன்னும் சரியாக் காயலீங்க. நாத்தம் கொடலைப் புடுங்குது" என்றாள் சரசு.

"போருக்குப் போறவன் சந்தனமா பூசிட்டுப் போவான்?" என்றேன்.

வசனமும் நான்தான் எழுதினேன். "மன்னர் உத்தரவு இல்லாமல் இந்த மலையில் ஒரு மானைக்கூடத் தொட முடியாது!" மலர் கிளியை மறந்துவிட்டாள். மரவள்ளிச் செடிகளை எதிரிப் படையாக நிறுத்தி நாள் முழுக்கக் கத்தினாள். அவள் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போட்டியன்று காலை மலரோடு முதல் பஸ். சாமான் எல்லாம் ஒரே சாக்கில். ஏறி உட்கார்ந்தால், பின் சீட்டில் ஜமால் பாய்! முந்தின நாள் மிளகு வாங்க மலைக்கு வந்தவர் அன்றே போகாமல் தங்கியது ஏன்? எனக்குப் புரிந்துவிட்டது. (ஒன்றும் புரியவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.)

"மூட்டையில என்னங்க?" என்றார்.

"கெழங்குங்க."

"ஒரு மாதிரி வாசம் வருதுங்களே?"

"பழைய கெழங்குங்க."

கொண்டை ஊசி வளைவுகள் முடியும்வரை மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி வந்தேன். காரவள்ளியில் வன செக்போஸ்ட். காவலர் ஒருவர் ஏறினார். மூக்கைச் சுளித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"மூட்டையில என்னய்யா?"

"கெழங்குங்க சார்."

"கெழங்குக்கு எறகு மொளைக்குமா?"

சாக்கின் வாயில், அம்புக்கு நான் கட்டிய சேவல் இறகு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. புத்தியுள்ளவன் அப்போதாவது சொல்லியிருப்பான். நான் திரும்பிப் பார்த்தேன். பாய் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். காவலரின் காதருகே போய், "தனியா வாங்க சார், சொல்றேன். இங்க வேண்டாம்" என்றேன்.

அது போதாதா? இறக்கிவிட்டார்கள். சாக்கைக் கொட்டியதும் வில், அம்புகள், டின் கவசம், கடைசியாக அந்தத் தோல். பஸ் ஜன்னல் முழுக்கத் தலைகள். "ஆளப் பாத்தா சாதுவாத்தான் இருந்தான்" என்றது ஒரு குரல்.

"புள்ளிமானா?"

"ஆடுங்க சார்."

"ஆட்டுக்கு ஏதுய்யா இத்தனை புள்ளி?"

"நான் வெச்சதுங்க."

காவலர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை. பஸ் கிளம்பிப் போனது. பாய் மட்டும் இறங்கி நின்றார். வேடிக்கை பார்க்கத்தான் என்று அப்போதும் நினைத்தேன்.

மலர் என் வேட்டியைப் பிடித்தாள். "அப்பா, நம்மள ஜெயில்ல போடுவாங்களா? பத்து மணிக்குப் போட்டிப்பா."

பாய் கேட்டால் கேட்கட்டும் என்று கத்தினேன். "வேசங்க சார்! எம்புள்ளைக்குப் படைவீரன் வேசம்!"

"பொம்பளப் புள்ளைக்கு படைவீரன் வேசமா?" என்று காவலர் சிரித்தார்.

அப்போது பாய் முன்னால் வந்தார். "சார், தண்ணி தொட்டுத் தேச்சுப் பாருங்க. எனக்குத் தெரிஞ்சவருங்க. நல்ல மனுசன், கொஞ்சம் கூச்ச சுபாவம்."

காவலர் தேய்த்தார். ஒரு புள்ளி அவர் கட்டைவிரலோடு வந்துவிட்டது. நம்பாமல் அடுத்ததையும் தேய்த்தார். பாயும் உதவிக்கு வந்தார். நான் பாடுபட்டு வைத்த புள்ளிகள் எல்லாம் போய், ஈர ஆட்டுத்தோல் மட்டும் மிஞ்சியது. அந்த நாற்றத்தாலேயே தோலுக்கு விடுதலை கிடைத்தது.

"வில்லு, அம்பு நெசந்தானே?" என்று அவற்றைக் காவலர் எடுத்து வைத்துக்கொண்டார். "ரேஞ்சர் ஐயா பாக்கட்டும். சாயங்காலமா வந்து வாங்கிக்க."

மலருக்கு முகம் சிவந்தது. கையை ஓங்கி, "மன்னர் உத்தரவு இல்லாமல் இந்த மலையில் ஒரு மானைக்கூடத் தொட முடியாது!" என்று அவரைப் பார்த்து முழங்கினாள்.

"அதையேதான் கண்ணு நானும் சொல்றேன்" என்றார் காவலர்.

பாய் தனக்குத் தெரிந்த லாரியை நிறுத்தி எங்களை ஏற்றினார். கொஞ்ச தூரம் போனதும் மெல்லக் கேட்டேன். "பாய், உங்க பாப்பா என்ன வேசமுங்க?"

"தக்காளிங்க. ஊருக்கே சொல்லிட்டுத் திரியறேன். நீங்கதான் ஒரு வார்த்தை கேக்கலீங்க."

எனக்கு லாரியிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

போட்டி முடிகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். வில்லுக்குப் பதில் மலரின் கையில் யாரோ கொடுத்த கம்பு, இடுப்பில் ஈரத்தோல். அவசரத்தில் டின் கவசத்தை லாரியிலேயே விட்டுவிட்டேன். மலர் வசனத்தைக் கத்தினாள். முன்வரிசையில் மூக்கைப் பொத்தியிருந்த நடுவர்களுக்கு அது எட்டவில்லை போலிருக்கிறது. முதல் பரிசு தக்காளிக்கு. மூன்றாம் பரிசு, "தத்ரூபமாக வந்திருக்கும் ஆடு மேய்க்கும் சிறுமிக்கு" என்று மைக்கில் அறிவித்தார்கள்.

பரிசை என் கையில் திணித்துவிட்டு மலர் ஒன்றுதான் சொன்னாள். "நான் கிளி கேட்டேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதை மறைத்தாலும் அதற்குக் கிழங்கு என்றுதான் பெயர். மலரின் கல்யாணத்துக்கு ஜமால் பாய் பெரிய பார்சல் ஒன்றோடு வந்தார்.

"இதுல என்னங்க பாய்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"கெழங்குங்க" என்றார் அவர். மணமேடையில் இருந்த மலர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு யாரும் பார்க்காதபோது பார்சலை எடுத்து ஒருமுறை முகர்ந்து பார்த்தேன்.