இடப்பக்கமாகச் சுற்றிய குச்சி மனிதன்

திருவண்ணாமலையில் இருக்கிற மொத்தப் பயத்தையும் ஒரே ஆள் குத்தகைக்கு எடுத்திருந்தார். வேன், ஆட்டோக்களுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுவது அவர் தொழில் என்பதால் அவர் பெயரே ஸ்டிக்கர். செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் காபி குடிக்கும் கடைகளுக்குப் பின்னால் ஓர் அறையில் நானும் அவரும் இருந்தோம். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டு, ஐந்து ஊர் பஸ் ஸ்டாண்டுகளில் படுத்து எழுந்து, அந்தக் கடைகளில் ஒன்றில் பாத்திரம் கழுவ வந்து சேர்ந்தவன். உள்ளே தாழ்ப்பாள் போட்டுத் தூங்கியது அந்த அறையில்தான் முதல் தடவை.

ஸ்டிக்கருக்கு கேஸ் சிலிண்டரைக் கண்டால் பயம், பல்லியைக் கண்டால் பயம், பல்லியைக் காணாவிட்டால் அது எங்கே போயிற்று என்று பயம். ஆனால் பெரிய பயம் ஒரு குச்சி மனிதனைப் பற்றியது.

இணையத்தில் வரும் கார்ட்டூன் தொடர் அது. ஒரு வட்டம் தலை, ஐந்து கோடுகள் உடம்பு. கண், மூக்கு, வாய் கிடையாது. எந்த நாட்டிலோ யாரோ வரைகிறார்கள். அந்த ஐந்து கோடுகளுக்காக நாற்பத்தைந்து வயது மனிதர் நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

"பின்னாடி முக்கோணம் தெரியுது பாரு. என்னாது அது?"

"முக்கோணம்."

"மலைடா. நம்ம மலை. வலதுகைப் பக்கமாவே வெச்சிக்கினு நடக்குறான். கிரிவலம் போறான்."

"செருப்பு போட்டிருக்கானாண்ணா?"

போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "வெறுங்கால்தான். பாத்தியா, அதுவும் கரெக்டா இருக்குது."

ஒவ்வொரு பகுதி வந்ததும் அதில் ஒரு காட்சியை மிச்சமான கறுப்பு ஸ்டிக்கரில் வெட்டி அறைச் சுவரில் ஒட்டுவார். பச்சைச் சுவரில் நாற்பத்தோரு குச்சி மனிதர்கள் வரிசையாக நடந்தார்கள். நடுவில் படுத்துத் தூங்குவேன்.

ஒரு வாரம், புதன்கிழமை புதுப் பகுதி வந்தது. ஸ்டிக்கர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். "தப்பா சுத்துறான்டா. மலை இடதுபக்கம் வந்துடுச்சி. இவன முடிக்கப் போறாங்க."

வரைகிறவருக்கு எச்சரிக்கை எழுதச் சொன்னார். கடைக்கு வருகிற வெள்ளைக்காரர்களிடம் நான் பொறுக்கிய ஆங்கிலம் மொத்தத்தையும் கொட்டி, 'பிரதர், மவுண்டன் ரைட் சைடு ப்ளீஸ்' என்று வீடியோவின் கீழே போட்டேன். பதில் இல்லை.

மறுநாள் வீட்டு ஓனரம்மாவிடமிருந்து போன். கார்த்திகை தீபத்துக்கு வெளியூர் ஆட்கள் அறை கேட்கிறார்கள். ஞாயிறு காலை பார்க்க வருவேன். சுவரில் ஏதோ ஒட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். சுவர் சுத்தமாக இல்லையென்றால் அன்றே காலி செய்துவிடுங்கள்.

"ண்ணா, எல்லாத்தையும் பிச்சிடலாம்."

"தப்பா சுத்தினு இருக்கறப்ப பிச்சா அவன் உசுரு போயிடும்."

"நம்ம கதி?"

"நமக்கு வாய் இருக்குது, கேட்டு எங்கனா போலாம். அவனுக்கு அதுகூட இல்ல."

வெள்ளிக்கிழமையும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கோ பஸ் ஸ்டாண்டு சிமெண்டுத் தரை முதுகில் உறைக்க ஆரம்பித்துவிட்டது. சனிக்கிழமை மதியம் வேறு வழியின்றி அவர் போனை வாங்கி அந்தப் பகுதியை முழுதாகப் பார்த்தேன். கடைசியில் வந்த எழுத்துகள் எல்லாம் திரும்பி நின்றன. யாரோ திருடிப் போட்ட பிரதி. மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போடுவார்கள் என்று கடையில் பேசிக் கேட்டிருக்கிறேன்.

"ண்ணா, எழுத்தெல்லாம் திரும்பி இருக்குதே, நீ பாக்கலையா?"

போனை வாங்கிப் பார்த்தார். வேன் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டும் எழுத்தைத் திருப்பித்தான் வெட்ட வேண்டும். இருபது வருடமாக அதையே வெட்டிய கண்ணுக்கு நேர் எழுத்தும் திரும்பிய எழுத்தும் ஒன்றுதான்.

சவரக் கண்ணாடியின் முன் போனைப் பிடித்து மறுபடி முதலிலிருந்து பார்த்தார். கண்ணாடிக்குள் மலை வலப்பக்கம் இருந்தது. பிறகு நான்கு தோசை சாப்பிட்டார்.

ஞாயிறு விடிந்ததும் ஸ்டிக்கர்களை உரித்தோம். கூடவே பெயிண்டும் உரிந்து வந்தது. பச்சைச் சுவரில் இப்போது நாற்பத்தோரு வெள்ளைக் குச்சி மனிதர்கள். முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தார்கள்.

ஓனரம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "யாரு பண்ண வேல இது?"

பல்லிக்கு நடுங்குகிறவர் ஓரடி முன்னால் வந்தார். "நான்தாங்க. அவன் வேணாம்னுதான் சொன்னான்."

"அப்ப நீ மட்டும் கெளம்பு. பெயிண்ட் அடிச்சிக் குடுத்துட்டு அவன் இருக்கட்டும்."

நான் மூன்று நாளாக வேண்டிக்கொண்டிருந்தது அதுதான். ஸ்டிக்கர் பையில் சட்டையைத் திணிக்க ஆரம்பித்தார். மேலே சவரக் கண்ணாடியை வைத்தார்.

"ரெண்டு பேரும் சேந்துதாம்மா ஒட்னோம்" என்றேன்.

ஸ்டிக்கர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பொய் சொல்றான்ங்க இவன்" என்று ஓனரம்மாவிடம் முறையிட்டார். ஆனால் அந்தம்மா பூட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

வேங்கிக்காலில் ஒரு வேன் ஷெட்டின் பின்னால் இடம் கிடைத்தது. கதவு கிடையாது. சுவரெல்லாம் தகரம், ஸ்டிக்கர் நன்றாகப் பிடிக்கும். முதல் குச்சி மனிதனை நான்தான் ஒட்டினேன், கொஞ்சம் கோணலாக. நூல் பிடித்து ஒட்டுகிற அந்த மனிதர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிவரை அதைச் சரி செய்யவே இல்லை.