கொம்புத்துறையில் போட்ட நங்கூரம்

சிரிப்பு வரும், வராமல் போகாது. அதற்கு முன்னால் சென்னிமலையின் மூஞ்சியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நனைத்துவிட்டுப் பிழிய மறந்துபோன பனியன் மாதிரித் தொங்குகிறது. தோணி தூத்துக்குடியை விட்டதிலிருந்து இப்படித்தான். வானமும் மப்பு, கடலும் மப்பு.

திருப்பூரில் இவனும் மச்சினன் ஆறுச்சாமியும் கூட்டாகப் பனியன் மிஷின் ஓட்டியவர்கள். "மாமா, உங்க பனியன் ஒருக்காத் தொவைச்சா கொழந்தைச் சட்டை ஆயிருதுங்க" என்று வியாபாரிகள் முன்னால் ஆறுச்சாமி சொல்லிவிட்டான். அன்றோடு பேச்சு அறுந்தது. ஆறுச்சாமி காயல்பட்டினத்துக்குப் போய்த் துணிக்கடை வைத்தான். மாமியார் செத்த அன்றுகூட இரண்டு பேரும் பந்தலின் இரண்டு மூலையில் நின்றார்கள். நடுவில் இவன் பெண்டாட்டி மருதம்மாள் தனியாக அழுதாள்.

இப்போது மகள் மயிலாளுக்குத் திருச்செந்தூரில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும்.

"எம் மடியென்ன முள்ளுச்செடியா?" என்றான் சென்னிமலை.

திருச்செந்தூர் பஸ் வழியில் காயல்பட்டினத்தில் சரியாக மச்சினன் கடை எதிரே நிற்கும். அதனால் பாய்மரத் தோணி. நொய்யலில் முழங்கால் நனைத்ததற்கு மேல் தண்ணீர் அறியாதவன் கண்டுபிடித்த வழி.

தென்காற்று எதிர்த்தது. பொழுது சாயும்போது பாதி வழிதான் ஆகியிருந்தது.

"இன்னைக்குப் போய்ச் சேர முடியாது மொதலாளி," என்றார் தோணிக்காரர் ராஜா முகமது. "தங்க ரெண்டு எடம் இருக்கு. இந்தா, புன்னக்காயல் ஆத்துவாய். தொட்டில் கணக்கா இருக்கும். இல்லன்னா இன்னும் தெக்க கொம்புத்துறை. தொறந்த கடலு, தோணி உருட்டும்."

தொட்டிலுக்குத்தான் சென்னிமலை வாயைத் திறந்தான். மருதம்மாள் முந்திக்கொண்டாள்.

"இங்கியே இருந்துக்கலாமுங்க. கொம்புத்துறை வேண்டாமுங்க."

அவள் வேண்டாம் என்றால் அவனுக்கு வேண்டும். கல்யாணமான நாளாக அவனுடைய ஆம்பிளைத்தனமே அதுதான். குடை எடுங்க என்பாள், நனைந்துகொண்டு வருவான்.

"ஏன் வேண்டாங்கற?"

"பயமா இருக்குதுங்க."

"எனக்கில்ல. கொம்புத்துறைக்கே உடுங்க பாய்."

"உருட்டும் மொதலாளி."

"உருட்டட்டுமுங்க."

"ஏனுங்க, எம் பேச்சை ஒருக்காவாச்சும் கேளுங்க..." மருதம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று சென்னிமலைக்குப் பரம திருப்தி.

உருட்டியது. தின்றதெல்லாம் வெளியே வந்தது. தின்னாததும் வந்த மாதிரி இருந்தது. கயிற்றுச் சுருளைக் கட்டிப்பிடித்துப் படுத்திருந்தவனுக்கு ஒரே ஆறுதல், மச்சினன் வாடை இந்தப் பக்கம் இல்லை.

விடிந்ததும் கரையிலிருந்து ஒரு வள்ளம் வந்தது. அதில் ஒருவன், அலை தெறித்து நனையாமல் தாம்பாளத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். தேங்காய், பழம், சின்னப் பட்டுப்பாவாடை, ஒரு ஜோடித் தோடு.

"வாங்க மாமா," என்றான் ஆறுச்சாமி. "நேத்துப் பொழுதோட வந்து கரையிலயே குந்தியிருக்கறனுங்க. எங்கூடு அந்தா, அந்தப் பள்ளிவாசலுக்குப் பின்னால."

கொம்புத்துறைதான் காயல்பட்டினத்தின் முதுகு; ரோட்டிலிருந்தே பார்த்துப் பழகியவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்குள் மயிலாள், பார்த்தே இராத மாமனிடம் தாவிவிட்டாள்.

"ஏம் புள்ள, இவனுக்கு ஆரு சொன்னது?" என்று பெண்டாட்டி பக்கம் திரும்பினான் சென்னிமலை.

"நாந்தானுங்க. எங்கெங்க தங்கலாம்னு பாய்கிட்ட வெசாரிச்சு, தோணி ஏறுறதுக்கு முன்னாலயே சொல்லியுட்டேன்."

"முன்னாலயா? எடத்தை நேத்துச் சாயங்காலந்தான நான் முடிவு பண்ணுனேன்?"

மருதம்மாள் பட்டுப்பாவாடையை உதறி மகளுக்கு அளவு பார்த்தாள்.

"ஆமாங்க. நீங்கதான் முடிவு பண்ணுனீங்க."