அந்துவான் விழுந்தபோது நான் விற்ற தைலம்

ஒரே வாயை இரண்டு பேருக்கு வாடகைக்கு விடக்கூடாது. விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரியில் நடமாடும் அத்தாட்சி நான்தான்.

எங்கள் ஊர்க் கால்பந்துப் போட்டிகளை யூடியூபில் நேரலையாகக் காட்டும் சேனல் ஒன்று உண்டு. அதன் முதலாளியை ஊரே பிரெஞ்சு மரியாதையாக 'முசியே' என்றுதான் கூப்பிடும். இறுதிப் போட்டிக்கு வர்ணனை செய்ய என்னை அழைத்தார்.

"ஏம்மா ஸ்டெல்லா, இத நல்லா பண்ணிட்டன்னா வருஷம் பூரா மைக்கு உன்னுதுதான். கண்ணுல பாக்குறத மட்டும் சொல்லு, போதும்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சேனலின் முதல் பெண் வர்ணனையாளர்! போதாக்குறைக்கு, இறுதிக்கு வந்திருந்த கருவடிக்குப்பம் அணியின் கோல்கீப்பர் என் புருஷன் அந்துவான்.

(அத்தோடு நின்றிருக்கலாம். விதி விடுமா?) போட்டிக்கு முந்தின நாள் தங்கக்குதிரை மூட்டுவலித் தைலம் விற்கும் செல்வம் வந்தார். "சிஸ்டர், யாராவது கீழ விழுந்தா நம்ம தைலத்தப் பத்தி ரெண்டு வரி எடுத்து உடுங்க. பஸ் ஸ்டாண்டு எதிர்ல பேனர் வெக்கிறேன், உங்க போட்டோவோட."

போட்டோ என்றதும் நான் அவுட். முசியேவிடம் மூச்சு விடவில்லை.

ஆட்டம் தொடங்கியது. ஐயோ, என்ன ஆட்டம்! பந்து பறக்கிறது, கூட்டம் கத்துகிறது, நானும் தொண்டை கிழியக் கத்துகிறேன். ஆனால் ஒரு பயல் விழவில்லை! பூசைக்கு வந்தவர்கள் மாதிரி இரண்டு அணியும் அப்படி ஒரு மரியாதை. செல்வம் வேறு எதிரே நின்று கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார். பாதி ஆட்டத்துக்குமேல் எனக்கே பொறுக்கவில்லை.

"ஏழாம் நம்பர் தடுமாறுகிறார்... விழுவாரா... விழலாம்... அடச்சே, விழவில்லை!" என்று மைக்கிலேயே அங்கலாய்த்தேன்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. கடைசி நிமிடம். உயரமாக வந்த பந்தைப் பிடிக்க அந்துவான் எகிறினார். சொந்த அணிக்காரர் மேலேயே மோதித் தொப்பென்று விழுந்தார்.

"விழுந்துட்டாரு! விழுந்தேவிட்டார்!" நாற்காலியை விட்டு எழுந்து கூவினேன். "வலியா? வேதனையா? இரண்டு சொட்டுத் தங்கக்குதிரை தடவுங்கள்! குதிரை போல ஓடுங்கள்!" மனப்பாடம் செய்த அத்தனையையும் கண்ணை மூடிக்கொண்டு கொட்டித் தீர்த்தேன்.

கண்ணைத் திறந்தால் எதிரணி கட்டிப்பிடித்து ஆடுகிறது. ஆட்டத்தின் ஒரே கோல்! பின்னாலேயே இறுதி விசிலும் ஊதியாகிவிட்டது.

"யாருங்க கோல் போட்டது?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். (மைக்கில். நேரலையில்.)

முசியே வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "பாக்குறத சொல்லுன்னேன். நீ கண்ண மூடிக்கினு கடை போட்டுட்டியேம்மா."

திரும்பிப் பார்த்தால் செல்வம் எப்போதோ எஸ்கேப்.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் முழங்காலில் கட்டோடு படுத்திருந்த அந்துவான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உயிரு போவுதுன்னு நான் கெடக்குறேன், கிரவுண்டு ஸ்பீக்கர்ல உன் கொரலு கேக்குது. அவ்ளோ சந்தோஷமா நீ பேசி நான் கேட்டதே இல்லடி. கல்யாணத்தன்னிக்குக்கூட!"

கட்டுப் போட்டுவிட்ட நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார்.

வர்ணனையாளர்கள் யாரும் வெளி விளம்பரம் எடுக்கக்கூடாது என்று இப்போது அந்தச் சேனலில் சட்டமே இருக்கிறது. மைக்கும் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டிலோ, இன்றைக்கும் யாராவது வழுக்கி விழுந்தால் அடி பட்டதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. நான் சிரிக்கிறேனா என்று முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.