அடுத்த வீட்டுத் தொப்பை

“கையைத் தூக்கு” என்றாள் மர்யுன்.

யோகன் தூக்கினான். பாதி பின்னிய ஸ்வெட்டருக்குள் தலை சிக்கிக்கொண்டது. தொப்பை மட்டும் வெளியே தெரிந்தது.

அப்போது கூட்டுறவுக் கடை பீனா உள்ளே வந்தாள். ஃபாரோ தீவுகளில் யாரும் கதவைத் தட்டுவதில்லை.

“ஹோக்னி வந்துட்டானா?”

தலை வெளியே வந்தது. அடுத்த வீட்டு யோகன். பீனா கொண்டுவந்த முட்டையை மேசைமேல் வைத்தாள். போய்விட்டாள்.

மர்யுனின் கணவன் ஹோக்னி கிரீன்லாந்துக் கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். திரும்பும்போது ஒரு ஸ்வெட்டர் காத்திருக்க வேண்டும்; முன்கூட்டித் தெரியக் கூடாது. அவன் தோளும் தொப்பையும் யோகனுக்கும் இருந்தன. அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் கதவைப் பூட்டினாள். அந்த ஊரில் கதவுக்குப் பூட்டு உண்டென்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. ஜன்னலில் முகங்கள்.

“மர்யுன், உடம்பு சரியில்லையா?”

திரை போட்டாள். முகங்கள் கூடின.

யோகனைப் பின்பக்கமாக வரச் சொன்னாள். ஆட்டுவேலி தாண்டியதில் அவன் கால்சட்டை கிழிந்தது.

“தெச்சுக் குடுத்துடு தாயே. இப்படியே போனா சுன்வா என்னைத் தொலைச்சிடுவா.” சுன்வா அவன் மனைவி.

மர்யுன் தைத்தாள். அதுவரை அவன் போர்வை சுற்றி உட்கார்ந்திருந்தான். திரையில் இடைவெளி இருந்தது.

பின்னுவதையே விட்டுவிடலாம்தான். கம்பளி விடவில்லை. சாயம் ஏறாத சாம்பல் நிறம். ஆட்டின் எண்ணெய்ப்பசை போகாத நூல். பின்னப் பின்ன உள்ளங்கை மெத்தென்றாகும். சுற்று ஏற ஏற ஊர் பின்வாங்கிவிடும். ஊசியைக் கீழே வைத்ததும் பயம் வரும்: ஹோக்னி நம்புவானா?

கப்பல் வந்தது. அவன் வீடேறுவதற்குள் ஊர் சொல்லிவிட்டது.

ஸ்வெட்டரை நீட்டினாள். “இதுக்குத்தான் யோகனை நிக்க வெச்சேன். வேற ஒண்ணும் இல்ல. நம்புறியா?”

அவன் வாங்கிப் போட்டுக்கொண்டான். தோல்போலப் பொருந்தியது. முகம் காதுவரை சிவந்தது.

“திட்டவாவது செய், ஹோக்னி.”

அவன் வாசலையே பார்த்தான். கதவு திறந்தது. சுன்வா.

“இவளை ஏன்டா தவிக்க விடறே? போன குளிர்காலம் யோகன் கடல்ல இருந்தப்போ, அவனோட ஸ்வெட்டருக்கு நீதானே வந்து நின்னே? நம்மளை ஒரு ஈ காக்கா பாத்துச்சா? நாம அளவு பாத்த அந்தப் படகுக் கொட்டகையை இவளுக்கும் சொல்லிக் குடுத்திருக்கலாமில்ல!”